பலர் கை படும் கணினியில் ஃபயர்பாக்ஸுக்கு மாறுவது எப்படி: வேலூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தங்கும் விடுதிக்கு ஒன்றாக ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் சேவைக் கடையும் இருக்கின்றன. பெயர்ப்பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காளமும் இந்தியும் எழுதியிருக்கும். அப்படி ஒரு கடையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள் மாலை, சிகிச்சை முடிந்து ஊர் திரும்பவிருந்த வங்காளப் பெரியவர் ஒருவர், காட்பாடியிலிருந்து ஹவுராவுக்கு டிக்கெட் எடுக்க வந்தார். தன் மின்னஞ்சலைத் திறந்து ஓர் அறிக்கையையும் அச்செடுத்துக்கொண்டார். கடவுச்சொல்லைச் சேமிக்கலாமா என்று பிரவுசர் கேட்டது. பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். வேகத்தில் 'சேவ்' அழுத்திவிட்டேன். அவர் கணக்கிலிருந்து வெளியேறினாரா என்றும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்த கல்லூரி மாணவி ஜிமெயிலைத் திறந்தாள். திரையில் வந்தது அந்தப் பெரியவரின் அஞ்சல் பெட்டி. முதல் வரியிலேயே பயாப்ஸி முடிவு என்று தடித்த எழுத்தில் இருந்தது. அந்தப் பெண் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று மதியமே கடையிலிருந்த மூன்று கணினிகளையும் மாற்றும் வேலையைத் தொடங்கினேன்.

பிரவுசர் மாற்றுவது பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஒரு கணினிக்கு ஓர் ஆள் என்று வைத்துக்கொண்டு எழுதப்படுகின்றன. நம் பக்கம் நிலைமை அதுவல்ல. சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரே மடிக்கணினி. குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கரும் முதலாளியும் பிள்ளையும் ஒரே திரையில் மாறி மாறி உட்காருவார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காக. பிரவுசர் வேகமாக இருப்பதைவிட, மறக்கச் சொன்னால் மறப்பது முக்கியம் என்ற எண்ணத்தோடு இதை எழுதுகிறேன்.

எந்த பிரவுசர், ஏன்

என் பரிந்துரை ஃபயர்பாக்ஸ். இதன் வேர் நெட்ஸ்கேப். அந்த நிறுவனம் 1998இல் தன் பிரவுசரின் மூலநிரலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் மோசில்லா. 2003இல் மோசில்லா அறக்கட்டளை அமைந்தது. 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸின் 1.0 பதிப்பு வந்தது. இன்றும் அதன் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை வெளியிடலாம். காசு கொடுக்கத் தேவையில்லை என்பது சின்ன விஷயம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் யாராவது திறந்து பார்க்க முடியும் என்பதே எனக்குப் பெரிது.

குரோமின் அடித்தளமான குரோமியமும் திறந்த மூலநிரல்தான். ஆனால் நம் கைக்கு வரும் குரோம், அதன்மேல் கூகுள் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்துக் கட்டிய பொட்டலம். மைக்ரோசாஃப்டின் எட்ஜும் 2020 முதல் குரோமியத்தின் மேல்தான் நிற்கிறது. பிரேவ் திறந்த மூலநிரல் பிரவுசர், நல்லதும்கூட. ஆனால் அதற்கும் அடித்தளம் குரோமியமே. எல்லாப் பாதையும் ஒரே வீட்டு வாசலில் போய் முடியக் கூடாது என்பதால் பக்கங்களைத் திரையில் காட்டத் தனக்கென்று தனி எஞ்சின் வைத்து ஓடும் ஃபயர்பாக்ஸைச் சொல்கிறேன்.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு, கூகுளை இயல்புத் தேடலாக வைப்பதற்காகக் கூகுள் தரும் பணம். 2025 பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸின் பயன்பாட்டு விதிகளில் வந்த சில வாசகங்கள் பயனர்களைக் கொதிக்க வைத்தன. எதிர்ப்புக்குப் பிறகு மோசில்லா அவற்றை மாற்றி எழுதியது. இதனாலேயே மனம் ஒப்பாதவர்கள் லிப்ரவுல்ஃப் பக்கம் போகலாம். ஃபயர்பாக்ஸின் நிரலை எடுத்து, தகவல் அனுப்பும் பகுதிகளை நீக்கித் தன்னார்வலர்கள் தருவது அது. ஆனால் அதில் சில தளங்கள் முரண்டு பிடிக்கும். முதல் மாற்றத்துக்கு ஃபயர்பாக்ஸே போதும்.

முதல் வேலை: கணினியின் வயதைப் பாருங்கள்

விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் 'வின்வெர்' என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் எந்த விண்டோஸ் என்று தெரியும். 10, 11 என்றால் தடையில்லை. விண்டோஸ் 7, 8 கணினிகளுக்கு 2023இல் வந்த ஃபயர்பாக்ஸ் 115 என்ற நீண்டகாலப் பதிப்புதான் கடைசி. அதற்கு மேல் ஏறாது. குரோம் அந்தக் கணினிகளை 109ஆம் பதிப்போடு கைவிட்டுவிட்டது. அப்படிப்பட்ட கணினியில் வங்கி வேலை செய்யாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை அதில் போடுவதே சரியான வைத்தியம். அரசு மாணவர்களுக்குக் கொடுத்த பழைய இலவச மடிக்கணினி வீட்டில் கிடந்தால், அதிலிருந்த பாஸ் லினக்ஸ் உங்களுக்கு நினைவிருக்கும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. இன்றைக்கு உபுண்டு போன்ற லினக்ஸ்களில் ஃபயர்பாக்ஸ் கூடவே வந்துவிடும்.

இரண்டாவது: பழைய பிரவுசரிலிருந்து எடுத்து வைப்பவை

புக்மார்க்குகளை எடுப்பது எளிது. குரோமில் கண்ட்ரோல், ஷிப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பக்கத்தின் மேல் வலது மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதில் 'எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ்'. ஒரு கோப்பாக இறங்கும்.

கடவுச்சொற்களில் நிதானம் வேண்டும். மூன்று புள்ளி மெனுவில் 'கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர்' திறந்து, முதலில் பட்டியலை உட்கார்ந்து படியுங்கள். எங்கள் கடைக் கணினி ஒன்றில் வாடிக்கையாளர்களுடைய கணக்குகள் பக்கம் பக்கமாக வந்தன. ரயில் டிக்கெட், மின்னஞ்சல், உதவித்தொகைத் தளம், வேலைவாய்ப்புப் பதிவு என்று எல்லாம் இருந்தன. அவற்றில் எதுவும் எங்களுடையது அல்ல. பிறருடையதை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, உங்களுடையதை மட்டும் விட்டுவையுங்கள். பிறகு அதே பக்கத்தின் செட்டிங்ஸில் 'எக்ஸ்போர்ட் பாஸ்வேர்ட்ஸ்' கொடுங்கள்.

இறங்கும் கோப்பில் பூட்டு எதுவும் கிடையாது. எக்செலில் திறந்தால் தளம், பெயர், கடவுச்சொல் எல்லாம் தனித்தனிப் பத்திகளாகப் பளிச்சென்று தெரியும். இதை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், பென் டிரைவில் வைக்காதீர்கள். அடுத்த அரை மணி நேரத்தில் அழிக்க வேண்டிய கோப்பு இது.

மூன்றாவது: இறக்கி நிறுவுதல்

தேடலில் ஃபயர்பாக்ஸ் என்று அடித்தால் மேலே விளம்பரமாகச் சில தளங்கள் வரலாம். அவற்றை அழுத்த வேண்டாம். முகவரிப் பட்டியில் நேரடியாக 'ஃபயர்பாக்ஸ் டாட் காம்' என்பதை ஆங்கிலத்தில் அடியுங்கள். சின்ன நிறுவி ஒன்று இறங்கும். ஓடவிட்டால் மீதியை அதுவே இறக்கிக்கொள்ளும். இணைய வேகம் குறைவான இடங்களில், மொழி வாரியாக எல்லாப் பதிப்புகளும் இருக்கும் பக்கத்திலிருந்து முழு நிறுவியை ஒரே தடவை இறக்கி, மற்ற கணினிகளிலும் அதையே பயன்படுத்தலாம். அதே பக்கத்தில் தமிழ்ப் பதிப்பும் இருக்கிறது. மெனு தமிழில் வரும். தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது. அம்மாவோ பாட்டியோ பயன்படுத்தும் கணினியில் தமிழ்ப் பதிப்பைப் போடுங்கள். கடைக் கணினியில் நான் ஆங்கிலத்தையே வைத்திருக்கிறேன், வெளிமாநிலத்தார் உட்கார வேண்டியிருப்பதால். அதனால் இங்கே மெனுப் பெயர்களை ஆங்கில ஒலியிலேயே தருகிறேன்.

நான்காவது: பொருள்களைக் குடியேற்றுதல்

ஃபயர்பாக்ஸின் மேல் வலது மூலையில் மூன்று கோடுகள். அதில் 'செட்டிங்ஸ்'. செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு எதையாவது இடம் மாற்றுவார்கள். சொன்ன இடத்தில் சொன்னது இல்லையென்றால் அந்தப் பெட்டியில் பெயரை அடித்தால் போதும்.

'இம்போர்ட்' என்று தேடுங்கள். பழைய பிரவுசரைத் தேர்ந்தெடுத்தால் புக்மார்க்குகளும் பார்த்த பக்கங்களின் வரலாறும் வரும். பலர் பயன்படுத்திய கணினியில் வரலாற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். கடவுச்சொற்கள் இந்த வழியில் நேராக வராமல் போகலாம். அதற்குத்தான் நாம் எடுத்து வைத்த கோப்பு. மூன்று கோடுகள், 'பாஸ்வேர்ட்ஸ்', அங்கே இருக்கும் மூன்று புள்ளிகள், 'இம்போர்ட் ஃப்ரம் எ ஃபைல்'. வந்துவிட்டனவா என்று இரண்டு மூன்றைத் திறந்து பாருங்கள். வந்துவிட்டால் அந்தக் கோப்பை ஷிப்ட், டெலிட் இரண்டையும் சேர்த்து அழுத்தி நீக்குங்கள். வெறும் டெலிட் அழுத்தினால் குப்பைத் தொட்டிக்குப் போய் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகையோ பின் எண்ணோ கொடுத்து, பாஸ்கீ என்ற புதிய முறையில் நுழையும் கணக்குகள் இந்தக் கோப்பில் வராது. அந்தத் தளங்களில் மறுபடி நுழைந்து புதிதாகப் பதிய வேண்டும்.

ஐந்தாவது: மறக்கக் கற்றுக்கொடுத்தல்

பலர் இந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம்.

செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'. குக்கீ என்பது தளங்கள் நம்மை அடையாளம் காணக் கணினியில் வைக்கும் சிறு குறிப்பு. தளத்துக்குத் தளம் நம்மைப் பின்தொடரும் குக்கீகளைத் தடுப்பது இங்கே தொடக்கத்திலிருந்தே வேலை செய்யும். ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் அடைக்கும் முறையை 2022 முதல் எல்லோருக்கும் இயல்பாகக் கொடுத்திருக்கிறார்கள். 'ஸ்டாண்டர்ட்' நிலையிலேயே விட்டுவிடுங்கள். 'ஸ்டிரிக்ட்' வைத்தால் கட்டணம் செலுத்தும் பக்கங்கள் சில நேரம் நடுவில் நின்றுவிடும்.

வீட்டுக் கணினி என்றால் 'பிரைமரி பாஸ்வேர்ட்' என்பதைக் கட்டாயம் போடுங்கள். விண்டோஸுக்கே கடவுச்சொல் இல்லாத வீடுகள் நம் ஊரில் ஏராளம். அங்கே ஃபயர்பாக்ஸைத் திறப்பவர் யாரும் சேமித்த கடவுச்சொற்களைப் பார்த்துவிடலாம். பிரைமரி பாஸ்வேர்ட் அந்தப் பெட்டிக்குப் போடும் பூட்டு. சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி கிடையாது. பூட்டை உடைத்தால் உள்ளே இருந்ததும் அழிந்துபோகும். அதனால் ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள்.

கடைக் கணினி என்றால் வழியே வேறு. 'ஆஸ்க் டு சேவ் பாஸ்வேர்ட்ஸ்' என்பதன் டிக்கை எடுங்கள். அந்தக் கேள்வியே இனி வராது. பிறகு 'ஹிஸ்டரி' பகுதியில் 'யூஸ் கஸ்டம் செட்டிங்ஸ்' தேர்ந்தெடுத்து, 'கிளியர் ஹிஸ்டரி வென் ஃபயர்பாக்ஸ் குளோசஸ்' என்பதற்கு டிக் போடுங்கள். பக்கத்தில் இருக்கும் பொத்தானைத் திறந்து குக்கீ, வரலாறு, கேச் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளர் எழுந்ததும் ஃபயர்பாக்ஸை மூடித் திறந்தால் போதும், அவருடைய சுவடு பிரவுசரில் மிஞ்சாது. மூன்று நொடி வேலை. இறக்கிய கோப்புகள் மட்டும் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் கிடக்கும், அவை பிரவுசரோடு போகாது. ஆதார் நகலும் ஸ்கேன் அறிக்கையும் அங்கேதான் குவிகின்றன. இரவு கடை அடைக்கும்போது அந்தக் கோப்புறையைக் காலி செய்வதை ஷட்டர் இறக்குவதற்கு முந்தைய வேலையாக வைத்துக்கொண்டோம்.

ஒரே வீட்டில் பலர் என்றால் புரொஃபைல் என்ற வசதி கைகொடுக்கும். முகவரிப் பட்டியில் 'அபௌட்', முக்காற்புள்ளி, 'புரொஃபைல்ஸ்' என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்தால் அதற்கான பக்கம் வரும். அப்பாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று உருவாக்கலாம். புக்மார்க், கடவுச்சொல், குக்கீ எல்லாம் தனித்தனி. ஆனால் புரொஃபைலுக்கு வாசல் உண்டே தவிரக் கதவு இல்லை. ஒருவர் மற்றவருடையதைத் திறக்க முடியும். உண்மையான மறைவு வேண்டுமென்றால் விண்டோஸிலேயே தனித்தனிப் பயனர் கணக்கு தேவை.

பாதுகாப்பான இணைப்பிலேயே தளங்களைத் திறக்க முயலும் வசதி ஒன்று உண்டு. 'ஹெச்டிடிபிஎஸ் ஒன்லி மோட்' என்று தேடி, எல்லா விண்டோக்களுக்கும் அதை இயக்கிவிடுங்கள். அதே பக்கத்தில் ஃபயர்பாக்ஸ் தன் பயன்பாட்டுத் தகவலை மோசில்லாவுக்கு அனுப்பும் டிக்குகளும் இருக்கும். நான் எடுத்துவிட்டேன். தேடலுக்குக் கூகுளுக்குப் பதில் டக்டக்கோ என்ற தேடுபொறியை வைக்கலாம். தமிழில் தேடும்போது கூகுளே கூடுதலாகத் தருகிறது என்பது என் அனுபவம். அது உங்கள் விருப்பம்.

விளம்பரங்களும் நோட்டிஃபிகேஷன் தொல்லையும்

கணினியில் வைரஸ் வந்துவிட்டது என்று பதறிக்கொண்டு மடிக்கணினியைத் தூக்கி வருபவர்களில் பலருக்கு வைரஸே இருப்பதில்லை. ஏதோ ஒரு தளத்தில் 'அலோ' அழுத்தியிருப்பார்கள். அந்தத் தளம் திரையின் வலது கீழ் மூலையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவற்றில் ஒன்றை நம்பி அழுத்தினால் அங்கேதான் உண்மையான ஆபத்து. செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று தேடி, ஏற்கெனவே அனுமதி வாங்கிய தளங்களை நீக்கிவிட்டு, புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் டிக்கைப் போடுங்கள். இந்த ஒரு டிக் வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்யும் உதவி பெரியது.

அடுத்து யூபிளாக் ஆரிஜின். விளம்பரத்தையும் உளவு நிரல்களையும் தடுக்கும் இலவச, திறந்த மூலநிரல் நீட்டிப்பு, அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல். கண்ட்ரோல், ஷிப்ட், ஏ அழுத்தினால் நீட்டிப்புகள் பக்கம் வரும், அங்கே தேடுங்கள். ஒலியில் ஒத்த வேறு பெயர்களும் இருக்கின்றன. உருவாக்கியவர் ரேமண்ட் ஹில் என்று இருப்பதைப் பார்த்து நிறுவுங்கள். குரோம் தன் நீட்டிப்பு விதிகளை மாற்றிய பிறகு, இதன் முழு வடிவம் அங்கே முடங்கி, 'லைட்' என்ற குறைந்த வடிவம் மட்டும் மிஞ்சியது. ஃபயர்பாக்ஸில் முழு வடிவமும் ஓடுகிறது. வேறு நீட்டிப்புகளை ஆசைக்கு அடுக்காதீர்கள். ஒவ்வொன்றும் நீங்கள் பார்க்கும் பக்கங்களைப் படிக்க அனுமதி கேட்கும்.

அடம்பிடிக்கும் தளங்கள்

விண்ணப்பத் தளங்கள் ரசீதைப் புது விண்டோவில் திறக்கும். ஃபயர்பாக்ஸ் அதைத் தடுத்துவிட்டு, மேலே மெல்லிய பட்டையில் தகவல் சொல்லும். பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை என்று பதறுவதற்கு முன் அந்தப் பட்டையைப் பாருங்கள். 'ஆப்ஷன்ஸ்' அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். பக்கம் அரைகுறையாக வந்தால் முகவரிப் பட்டியின் இடது ஓரத்தில் இருக்கும் கேடயத்தை அழுத்தி, அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்திப் பாருங்கள். அதுவும் உதவாவிட்டால் யூபிளாக் சின்னத்தை அழுத்தி, பெரிய மின்பொத்தானை அணைத்துப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். கட்டணம் பாதியில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். முதல் பக்கத்திலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்து வேலை செய்யும் கணக்கர்களும் டெண்டர் போடுபவர்களும் பழைய பிரவுசரை இப்போதைக்கு நீக்க வேண்டாம். டோக்கன் மென்பொருள்கள் சில குறிப்பிட்ட பிரவுசரை எதிர்பார்க்கின்றன. கடைசித் தேதியன்று மாலையில் பரிசோதனை செய்யக் கூடாது. அந்த ஒரு வேலைக்கு மட்டும் பழையது, மற்ற எல்லாவற்றுக்கும் ஃபயர்பாக்ஸ் என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கைபேசியில்

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரிலிருந்து ஃபயர்பாக்ஸை நிறுவி, அதிலும் யூபிளாக் ஆரிஜின் போடலாம். ஐபோனில் நீட்டிப்பு போட முடியாது. பெயர்தான் ஃபயர்பாக்ஸ், உள்ளே ஓடுவது ஆப்பிளின் எஞ்சின். மோசில்லா கணக்கு ஒன்று தொடங்கினால் வீட்டுக் கணினியும் கைபேசியும் புக்மார்க், கடவுச்சொற்களைப் பகிர்ந்துகொள்ளும். அனுப்புவதற்கு முன்பே அவை பூட்டப்படுவதால் மோசில்லாவாலும் படிக்க முடியாது. கடைக் கணினியில் மட்டும் எந்தக் கணக்கிலும் நுழையாதீர்கள், உங்களுடைய கணக்காக இருந்தாலும்.

கடைசியாக: பழைய பிரவுசரைக் காலி செய்தல்

புது வீட்டுக்குப் போனவர்கள் பழைய வீட்டின் அலமாரியில் நகைகளை விட்டுவிட்டுப் போவதில்லை. இரண்டு வாரம் ஃபயர்பாக்ஸில் பழகுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் ஆப்ஸ்' பகுதியில் அதை இயல்பு பிரவுசராக்குங்கள். எதுவும் விட்டுப்போகவில்லை என்று உறுதியானதும் குரோமைத் திறந்து, முதலில் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். வெளியேறாமல் அழித்தால் கணினியில் மட்டுமல்லாமல் கணக்கில் சேமித்ததும், அதோடு கைபேசியில் இருப்பதும் அழிந்துவிடக்கூடும். வெளியேறிய பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், டெலிட். காலத்தை 'ஆல் டைம்' என்று மாற்றி, கடவுச்சொல், ஆட்டோஃபில் உட்பட எல்லா டிக்கும் போட்டு நீக்குங்கள். எட்ஜிலும் இதையே செய்யுங்கள். பலர் எட்ஜைத் தொட்டதே இல்லை என்பார்கள். திறந்து பார்த்தால் அதிலும் ஏதாவது இருக்கும்.

பிறகு எல்லா பிரவுசர்களையும் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து, ஜிமெயில் முகவரியை அடியுங்கள். வீட்டுக் கணினியின் ஃபயர்பாக்ஸில் உங்கள் பெட்டி வரலாம், அது சரி. மற்ற இடங்களில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் வேலை முடிந்தது. வேறு யாருடைய கடிதமாவது தெரிந்தால், படிக்காமல் வெளியேறிவிட்டு, ஐந்தாவது வேலையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.